ஒரே ஒரு செடி மிஞ்சிய ரோட்ரிக்ஸ் காட்டுக்காப்பி: காப்பாற்றியது கண்ணாடிக்கூடம் மட்டும்தானா?

நிழல்வேம்பு:
வணக்கம் நண்பர்களே. அரிய செடிகள் இழையில் ஒருவர் "உலகத்திலேயே ஒரே ஒரு செடிதான் இருந்தது, லண்டனுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னது ரோட்ரிக்ஸ் தீவின் காட்டுக்காப்பி, அங்கே பெயர் கஃபே மரோன், தாவரவியலில் ராமோஸ்மானியா ரோட்ரிகேசியை. சொன்னது பொய்யில்லை. ஆனால் கதையில் பாதி விட்டுப்போகிறது, அதுவும் நமக்குத் தேவையான பாதி. அதனால்தான் இந்தத் தனி இழை.

ரோட்ரிக்ஸ் மொரிசியசுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எரிமலைத் தீவு. பரப்பு 108 சதுர கிலோமீட்டர், நம் ஊரில் ஒரு சின்ன தாலுகாவை விடக் குறைவு. பதினேழாம் நூற்றாண்டு வரை அங்கே யாரும் குடியிருக்கவில்லை. 1691-இல் பிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரர் சில கூட்டாளிகளோடு வந்து இரண்டு ஆண்டு தங்கினார். அவர் எழுதிவைத்த குறிப்பில் தீவு முழுக்கக் காடு, ஆமைக் கூட்டம், பறக்காத சாலிட்டேர் பறவை. அதற்கப்புறம் வந்தவர்கள் ஆமைகளைக் கப்பல் கப்பலாக இறைச்சிக்கு ஏற்றினார்கள், காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். 1874-இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த குழுவோடு ஐசக் பெய்லி பால்ஃபர் என்ற தாவரவியலாளர் வந்து செடிகளைச் சேகரித்தபோதே தீவின் காடு பெரும்பாலும் போய்விட்டது.

இந்தக் காட்டுக்காப்பி அற்றுப்போனது என்றே பிறகு எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1979-80 வாக்கில் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் தீவின் அரிய செடிகளின் படங்களை மாணவர்களுக்குக் காட்டி, இவை எங்காவது இருக்கிறதா பாருங்கள் என்றார். ஒரு பையன் கிளையோடு வந்து நின்றான். ஆடு மேய்ந்து, பூச்சி அரித்து, குட்டையாகக் கிடந்த ஒரே ஒரு புதர். அந்தக் கிளை லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்குப் போய், அதுதான் இது என்று உறுதியானது.

ஆக, கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்குழுவும் இல்லை. உள்ளூர் வாத்தியாரும் ஒரு பள்ளிப் பையனும். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாடித்தோட்டம்கவி:
அண்ணா, பூ எப்படி இருக்கும்? காப்பிச் செடிக்கு உறவா?

நிழல்வேம்பு:
ஆமாம் கவி, காப்பிக் குடும்பம்தான். நம் இட்லிப்பூ, நுணா, காரை எல்லாம் இதே குடும்பம். பூ வெள்ளை, ஐந்து இதழ், நட்சத்திர வடிவம். தூரத்தில் பார்த்தால் மல்லிகை வகை என்றே நினைப்பீர்கள். புதராகவும் இருக்கும், வாய்ப்பு கிடைத்தால் சின்ன மரமாகவும் வளரும்.

பூச்சிக்காரன்:
பூவை விட இலைதான் இதில் பெரிய விஷயம், அதை யாரும் பேசுவதில்லை. கன்றாக இருக்கும்போது இலை நீளமாக, ரிப்பன் போல ஒடுங்கி, பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும், நடுநரம்பு மட்டும் இளஞ்சிவப்பு. காய்ந்த சருகு என்றுதான் தோன்றும். செடி ஓரளவு உயர்ந்ததும் அதே செடியில் அகலமான, நீள்வட்டமான, பளபளக்கும் பச்சை இலை வர ஆரம்பிக்கும். இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டு வேறு செடி என்று சத்தியம் செய்வீர்கள்.

ஏன் இப்படி? அந்தத் தீவின் சொந்தப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். தரையில் மேய்ந்தவை ராட்சத ஆமைகள், இரண்டு இனம். ஒன்றுக்கு ஓடு கவிழ்ந்த குண்டான் போல, இன்னொன்றுக்கு முன்பக்கம் தூக்கிய சேணம் போல, அது கழுத்தை நன்றாக உயர்த்தி எட்டிக் கடிக்கும். ஆமையின் வாய் எட்டும் உயரம் வரை சருகு வேஷம், அதைத் தாண்டியதும் வெயிலை வாங்குகிற பச்சை இலை. இதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ரோட்ரிக்சிலும் மொரிசியசிலும் வேறு வேறு குடும்பத்துச் செடிகளிலும் இதே பழக்கம் இருக்கிறது, ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளுக்கு இப்படிப்பட்ட செடிகளின் இளம் இலையையும் முதிர்ந்த இலையையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், முதிர்ந்த இலையைத்தான் விரும்பித் தின்றன.

ரோட்ரிக்ஸ் ஆமைகள் 1800 வாக்கிலேயே முற்றிலும் அழிந்துவிட்டன. எதிரி போய் இருநூறு வருடம் ஆகியும் கன்று இன்னும் அதே வேஷத்தில்தான் முளைக்கிறது. அந்த வேஷம் ஆமையின் கண்ணுக்காக உருவானது, ஆட்டுக்கு முன்னால் பலிக்கவில்லை. ஆடு முகர்ந்து பார்க்கும், கிளையில் காலைத் தூக்கி வைக்கும், பட்டையையும் உரிக்கும்.

கரிசல்மண்:
நர்சரிக்காரன் என்ற முறையில் ஒரு கேள்வி. ஒரே தாய்ச்செடி, அதுவும் நோஞ்சான். அதில் கட்டிங், அதாவது நட்டு வளர்க்கத் தண்டு வெட்டி எடுக்க யாருக்கு மனசு வந்தது? இட்லிப்பூவில் கூட முதிர்ந்தும் முதிராத தண்டாகப் பார்த்து எடுத்து, மருந்து தொட்டு, ஈரப்பதம் விடாமல் மூடி வைத்தால்தான் வேர் விடும். வாடிய தாய்ச்செடியில் எடுத்த தண்டு பாதிக்கு மேல் கருகிப் போகும்.

நிழல்வேம்பு:
அந்தப் பயம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை, ஏனென்று சொல்கிறேன்.

செடி கிடைத்த செய்தி தீவில் பரவியது. அந்தச் செடிக்கு மருந்து குணம் உண்டு என்ற நம்பிக்கை அங்கே ஏற்கெனவே உண்டு, பால்வினை நோய்க்கு, குடித்த மறுநாள் தலைவலிக்கு என்று. இவ்வளவு தூரம் வெளிநாட்டுக்காரன் வந்து பார்க்கிறான் என்றால் இதில் ஏதோ இருக்கத்தான் செய்யும் என்று ஆட்கள் வந்து இலையையும் கிளையையும் ஒடித்துப் போனார்கள். சுற்றி வேலி போட்டார்கள். வேலி போட்டதும் மதிப்பு இன்னும் கூடிப்போனது, தாண்டி வந்து வெட்டினார்கள். அப்புறம் அதைச் சுற்றி இன்னொரு வேலி, காவல். அரியது என்று ஊருக்கு அறிவித்ததே அதற்கு எமனாக வந்தது. எனக்கு இந்தக் கதையில் மறக்கவே முடியாத இடம் இதுதான்.

அந்த நிலையில்தான் 1986-இல் சில தண்டுகளை வெட்டி, வாடுவதற்குள் விமானத்தில் கியூவுக்கு அனுப்பினார்கள். அதில் பிழைத்து வேர் விட்டது ஒன்றே ஒன்று. அதிலிருந்து கியூவின் கண்ணாடிக்கூடத்தில் மேலும் மேலும் கட்டிங் போட்டுப் பெருக்கினார்கள்.

தெற்குக்காற்று:
நான் வேலை நிமித்தம் மொரிசியசில் இருக்கிறேன், ரோட்ரிக்ஸ் போய் வந்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும். வெட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனமாகப் பேசுவோம். வறண்ட தீவு, தண்ணீர்த் தட்டுப்பாடு ஓயாது, புயல் வேறு. ஆடு மாடு வளர்ப்பு, மீன், கொஞ்சம் சோளம், அவரை, மிளகாய், இதுதான் பிழைப்பு. எல்லாவற்றுக்கும் மருத்துவமனையை நம்பியிருக்க முடியாத காலத்தில் பாட்டி சொன்ன இலையைப் பறித்தவர்கள் அவர்கள். தீவின் காட்டை மொட்டையடித்தது அந்தக் கிளை ஒடித்த மனிதர்கள் இல்லை.

இன்னொரு செய்தி, இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. 1982-இல் ராமோஸ்மானியா என்ற பேரினத்தையே (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) வரையறுத்து வெளியிட்ட இருவரில் ஒருவர் மொரிசியசின் தாவரவியலாளர் திருவேங்கடம், பிரெஞ்சு எழுத்தில் திர்வெங்காதும் என்று வரும். மற்றவர் கியூவின் வெர்ட்கோர்ட். காப்பிக் குடும்பம்தான் திருவேங்கடத்தின் துறை. அதற்கு முன்பே 1979-இல் நம் காடுகளில் இருக்கும் பெருங்காரையைத் தனிப் பேரினமாகப் பிரித்து 'தமிழ்நாடியா' என்று பெயர் வைத்த இருவரில் ஒருவரும் இவரே. ரோட்ரிக்ஸ் செடிக்கும் பெருங்காரைக்கும் நடுவே ஒரே ஆளின் கை இருக்கிறது.

நிழல்வேம்பு:
அருமை! 'தமிழ்நாடியா' தெரியும், வைத்தவர் இவர் என்பது புதுச் செய்தி. நன்றி தோழர்.

நேர்க்கேள்வி:
எல்லாம் சரி, உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். ஒரே செடியின் கட்டிங் என்றால் ஆயிரம் தொட்டி வைத்தாலும் அது ஒரே செடிதான். ஒரு பூஞ்சை வந்தால் மொத்தமும் போகும். விதை இல்லாத இனம் செத்த இனம், மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு இத்தனை ஆண்டு, இத்தனை ஆள். அதே உழைப்பைக் காடு முழுவதற்கும் போட்டிருக்கலாமே?

கரிசல்மண்:
முதல் பாதி சரியான கேள்வி. கட்டிங்கை நம்பி ஒரு இனத்தை விட முடியாது, எந்த நர்சரிக்காரனும் ஒத்துக்கொள்வான்.

நிழல்வேம்பு:
நேர்க்கேள்வி, நீங்கள் கேட்ட இடத்தில்தான் கியூவும் பல ஆண்டு சிக்கி நின்றது. செடி நன்றாக வளர்ந்தது, நிறையப் பூத்தது, ஆனால் காய் பிடிக்கவே இல்லை. மகரந்தம் நல்ல மகரந்தம். பூவின் பெண்பகுதியின் நுனியான சூல்முடியில் வைத்தால் உள்ளே இறங்கவில்லை. இது பெண்பகுதி வேலை செய்யாத பூ, ஆண்செடி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்று கூட எண்ணினார்கள்.

அங்கே கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர், ஸ்பெயின்காரர், விடாமல் மோதிப் பார்த்தார். சூல்முடியின் நுனியைக் கத்தியால் சீவிவிட்டு, அந்த வெட்டுவாயிலேயே மகரந்தத்தை வைத்தார். பூ பூவாகத் திரும்பத் திரும்ப. 2003-இல் ஒரு காய் பிடித்தது, உள்ளே உயிருள்ள விதை. வெப்பம் கூடிய இடத்தில் நின்ற செடிதான் காய்க்கிறது என்பதையும் அவரே கவனித்துப் பிடித்தார். பிறகு அதே முறையில் மேலும் காய், மேலும் கன்று. விதைகள் ரோட்ரிக்ஸ் திரும்பின, அங்கேயே முளைக்கவும் வைத்தார்கள்.

ஒரு கூரிய கத்தி, ஒரு கை, ஓயாத பொறுமை. செலவு என்று நீங்கள் நினைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பூச்சிக்காரன்:
மரபு விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். தன் மகரந்தத்தால் வந்த விதை என்றாலும் விதை வேறு, கட்டிங் வேறு. கட்டிங்கில் தாயின் மரபு அச்சு அசலாக வரும். விதையில் தாயிடம் இருக்கும் மரபுக்கூறுகள் கலைந்து புதிதாகச் சேரும், அதனால் கன்றுக்குக் கன்று வேறுபாடு வரும், அதில் வலுவானதைத் தேர்ந்தெடுக்க இடம் கிடைக்கும். தொலைந்துபோன பல்வகைமை திரும்பாது, உண்மைதான். ஆனால் இதே வட்டாரத்தில் மொரிசியஸ் வல்லூறு 1974-இல் தெரிந்தவரை நாலே நாலு இருந்தது, அதிலிருந்து நூற்றுக்கணக்கில் பெருகியது. குறுகிய வாசலில் நுழைந்தும் சில இனம் தேறிவிடுகிறது.

மொரிசியசின் கியூர்பிப் தோட்டத்தில் இருக்கும் ஹையோஃபோர்பி அமாரிகாலிஸ் என்ற பனையை நினைத்துப் பாருங்கள். அதுவும் உலகத்தில் ஒன்றே ஒன்று என்று பெயர் வாங்கிய மரம். பனைக்குக் கிளை இல்லை, கட்டிங் எடுக்க வழியே இல்லை. ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறு நேரத்தில் முதிர்வதால் தனக்குத்தானே சேர்வதும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் கருவை எடுத்து வளர்த்துப் பார்த்தும் மண்ணில் நிலைக்கவைக்க முடியாமல் திண்டாடினார்கள். அதோடு ஒப்பிட்டால் கஃபே மரோனுக்குக் கிடைத்தது பெரிய வாய்ப்பு. வாய்ப்பு இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

நேர்க்கேள்வி:
விதை வந்தது எனக்குத் தெரியாது, அந்தப் பகுதியை ஏற்கிறேன். ஆனால் காடு பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தக் கன்றுகளை எங்கே நடுவார்கள்? ஆடு மேயும் மேட்டிலா?

தெற்குக்காற்று:
இதுதான் சரியான கேள்வி, இதற்குத் தீவில் இருப்பவர்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கிராந்த் மொந்தாஞ் என்று ஒரு மலைக் காப்பகம் இருக்கிறது. வேலி போட்டு ஆடு மாட்டைத் தடுத்து, வெளியிலிருந்து வந்த மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, தீவின் சொந்தச் செடிகளை நட்டு வருகிறார்கள். மொரிசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் வனத்துறையும் உள்ளூர் ஆட்களும் சேர்ந்து செய்யும் வேலை. நாற்றங்காலும் தீவிலேயே இருக்கிறது. ஒரே நாளில் எல்லா அந்நிய மரத்தையும் வெட்டினால் மண் அரித்துப்போகும், இளங்கன்று வெயிலில் கருகும், அதனால் பகுதி பகுதியாகத்தான் போகிறார்கள். களை மறுபடி மறுபடி முளைக்கும், மறுபடி மறுபடி பிடுங்க வேண்டும். படத்தில் காட்ட அழகாக இருக்காது, ஆனால் உண்மையான வேலை அதுதான்.

அங்கே பரவியிருக்கும் அந்நியச் செடிகளில் சிலவற்றைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்ணிச்செடி, சுபாபுல், அப்புறம் நம் கருவேலம்! தீவனத்துக்கும் விறகுக்கும் என்று கொண்டுவந்தது வறண்ட சரிவுகளில் பரவிக் கிடக்கிறது. நம் ஊரில் கண்மாய்க்கரையில் நிற்க வேண்டிய மரம் அங்கே ஊடுருவி நிற்கிறது.

அங்கே இரண்டு சிறு பறவைகள், ரோட்ரிக்ஸ் கதிர்க்குருவி ஒன்று, மஞ்சள் தலைச் சிட்டு ஒன்று, உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் இரண்டும் விரல்விட்டு எண்ணும் நிலைக்குப் போயின. மரம் திரும்ப வளர வளரப் பெருகி இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பறவைக்குக் கூண்டு கட்டி இதைச் சாதிக்கவில்லை, காடு வளர்ந்தது, அவ்வளவுதான். ஆகவே நேர்க்கேள்வி ஐயா, ஒரு செடியா காடா என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம். அந்த ஒரு செடியின் பெயரைச் சொல்லித்தான் காட்டுக்கு வேலி போட ஊரைச் சம்மதிக்க வைக்க முடிகிறது.

பூச்சிக்காரன்:
ஆமைகளும் திரும்பியிருக்கின்றன, அதையும் சொல்லிவிடுங்கள்.

தெற்குக்காற்று:
ஆமாம். பழைய இனம் திரும்ப வராது. அதற்குப் பதிலாக 2007-இல் லெகா பெயரில் திறந்த காப்பகத்தில் அல்டாப்ரா ஆமையையும் மடகாஸ்கர் கதிராமையையும் கொண்டுவந்து வளர்க்கிறார்கள், இப்போது நல்ல பெருக்கம். சுண்ணாம்புக்கல் குகைகளுக்கு நடுவே, சொந்தச் செடிகளை ஏராளமாக நட்டு உருவாக்கிய இடம். புல்லையும் களையையும் ஆமை மேய்கிறது, சருகு வேஷம் போட்ட கன்று பக்கத்தில் நிற்கிறது. நீங்கள் சொன்ன அந்த இலை விஷயம் அங்கே நின்று பார்த்தால்தான் முழுசாகப் புரியும்.

மாடித்தோட்டம்கவி:
படிக்கப் படிக்க ஆசை வருகிறது. இணையத்தில் விதை விற்கிறார்களா? நாலு பேர் வீட்டில் வளர்த்தால் இனம் இன்னும் பத்திரம்தானே?

கரிசல்மண்:
வேண்டாம்மா. முதலில், எவனாவது விதை என்று விற்றால் அது ஏதோ ஒரு காட்டுக் காரையாகத்தான் இருக்கும். நிஜமாகவே அதுவாக இருந்தால் யாரோ திருடியது. இரண்டாவது, நம் வீட்டுத் தொட்டி மண்ணிலும் பூச்சியிலும் வளர்ந்த செடியைத் தீவுக்குத் திருப்பி அனுப்பவே முடியாது. பதிவில்லாத செடி பாதுகாப்புக் கணக்கில் வராது.

நிழல்வேம்பு:
நானும் அதையேதான் சொல்வேன். அதே தீவின் ஒரு செம்பருத்தி, ஹிபிஸ்கஸ் லிலியிஃப்ளோரஸ், அதுவும் காட்டில் இரண்டே செடி என்ற நிலைக்கு வந்தது. ஆனால் பல நாட்டுத் தோட்டக்காரர்கள் அதை வாங்கி மற்றச் செம்பருத்திகளோடு கலந்து கலப்பினம் உண்டாக்கியிருக்கிறார்கள், நாம் தொட்டியில் வைத்திருக்கும் பெரிய பெரிய பூக்களில் அதன் ரத்தமும் ஓடலாம். பூ பிழைத்தது, ஆனால் கலப்பினத்தை எடுத்துத் தீவில் நட முடியாது. தூய செடி எது என்று பிரித்துப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். வீட்டுத் தோட்டத்தில் பரவினால் பத்திரம் என்பது எல்லா நேரமும் உண்மையில்லை கவி.

மாடித்தோட்டம்கவி:
புரிந்தது அண்ணா. அப்போது நம்மால் எதுவுமே செய்ய முடியாதா?

நிழல்வேம்பு:
செய்யலாம். இந்தக் குழுவிலேயே அரிய செடி படம் போடுகிறவர்கள் இடத்தை மீட்டர் கணக்காகச் சொல்லிவிடுகிறார்கள். மலை, ஓடை, வழி எல்லாம். அதை நிறுத்துவோம், மாவட்டம் வரை போதும். ரோட்ரிக்சில் வேலி மேல் வேலி போட்ட கதையை நான் இவ்வளவு விரித்துச் சொன்னது இதற்காகவும்தான். படம் போடும் முன் கைபேசி இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

நேர்க்கேள்வி:
இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். குழு விதியாகவே போடலாம்.

தெற்குக்காற்று:
யாராவது மொரிசியஸ் வந்தால் ரோட்ரிக்சுக்கும் போய்விட்டுப் போங்கள், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். காப்பகத்தில் வழிகாட்டியோடு நடக்கலாம். போகும் முன் காலணியின் அடியையும் பையின் மடிப்பையும் துலக்கிவிடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புல்விதை போதும் அங்கே இன்னொரு களை சேர. பழம், விதை, கன்று எதையும் கொண்டுபோகாதீர்கள். வழிகாட்டி இளைஞர்களிடம் பேச்சுக் கொடுங்கள், ஒவ்வொரு செடிக்கும் அங்கத்திய கிரியோல் மொழியில் பெயரும் கதையும் வைத்திருப்பார்கள்.

கரிசல்மண்:
பெருங்காரை பற்றிப் பேச்சு வந்ததே, அது யார் ஊரில் இருக்கிறது? ஈரம் தங்கும் காட்டோரம் வரும், முள் இருக்கும், வெள்ளைப் பூ பெரிதாக, நல்ல மணம். எங்கள் பக்கம் வெட்டி வெட்டி அரிதாகிவிட்டது. பழம் கிடைத்தால் நாற்று போட்டுப் பார்க்கிறேன், அதற்குத் திருட்டும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

பூச்சிக்காரன்:
எங்கள் ஊர்க் காட்டு ஓடையை ஒட்டி நிற்கிறது ஐயா. பழம் பழுத்ததும் நாலைந்து மட்டும் எடுத்து அனுப்புகிறேன், மிச்சம் அங்கேயே விழட்டும். முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள், இங்கே வேண்டாம்.